புல்லி அக்காவும் அவள் ஓரகத்தியும்

பாட்டில் நிரப்பும் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த அவளை எல்லோரும் 'புல்லி அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே மோட்டாருக்கு ஒரே வேகம். பெரிய பாட்டில் வரும் நாளில் பெல்ட் மெதுவாகப் போகவேண்டுமென்றால், லைனை நிறுத்தி, மோட்டாரில் மாட்டியிருக்கும் சக்கரமான புல்லியைக் கழற்றி வேறு அளவு மாட்டவேண்டும். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அவளுக்கு இருபதே நிமிடம். பதினாறு வருஷமாக அந்தப் பெருமையில்தான் நிமிர்ந்து நடந்தாள்.

கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கும் அதே ஆலையில் வேலை கிடைத்தது. மூன்றாம் மாதமே அவள் சுவரில் ஒரு டிரைவ் பெட்டியைப் பொருத்தினாள். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை அது கூட்டும், குறைக்கும். வேகமும் கூடவே மாறும். குமிழைத் திருகினால் போதும்.

"சின்னவ கை அழுக்காகாமலே முடிச்சிடுறாளாமே!" என்றாள் மாமியார். பெரியவள் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்தாள். முந்தானையில் அழுத்தித் தேய்த்தாள்; போகவில்லை.

ஒரு வாரம் பெரிய பாட்டிலே ஓடியது. மோட்டார் மெல்லச் சுற்ற, சூட்டைத் தணிக்க அதன் வாலில் இருந்த விசிறியும் மெல்லத்தான் சுற்றியது. பெரியவள் போகிறபோக்கில் மோட்டாரைத் தொட்டாள். கை சுரீரென்றது. காற்று போதவில்லை என்று உடனே புரிந்துவிட்டது. 'படிச்சவதானே, அவளே கண்டுபிடிக்கட்டும்' என்று வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மோட்டாரில் புகை கிளம்பியது. உள்ளே கம்பிச்சுருள் கருகி லைன் நின்றது. மானேஜர் எல்லோர் முன்னாலும் கத்தினார். சின்னவள் சுவரோடு ஒட்டி நின்றாள். ஆசைப்பட்டுக் காத்திருந்த காட்சிதான். ஆனாலும் பெரியவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"சார், சூடு ஏறினது எனக்கு முந்தாநாளே தெரியும். நான்தான் சொல்லல."

"ஏன்?"

"பொறாமை சார்."

யாரும் சிரிக்கவில்லை. அவளைக் குடோனுக்கு மாற்றினார்கள். போகும்போது சின்னவளிடம், "தனியா ஒரு விசிறி வை. மோட்டார் எவ்வளவு மெதுவா ஓடினாலும் அது முழு வேகத்துல ஓடட்டும்" என்றாள். சின்னவள் முகம் கொடுக்கவில்லை. மறுநாளே விசிறி ஏறியது.

வீட்டில் ஒரு மாதம் பேச்சில்லை. பிறகு ஒருநாள் சின்னவள் குடோன் வாசலில் வந்து நின்றாள்.

"ரெண்டாவது லைனுக்கும் டிரைவ் போடணும். மானேஜர்கிட்ட கேட்டுட்டேன். வாங்கக்கா."

"மன்னிச்சிட்டியா?"

"இல்ல. அதுக்கு இன்னும் நாளாகும். இப்ப வேலை கிடக்கு."

பெரியவள் போனாள். நாலு மாதத்தில் டிரைவையும் பழகிக்கொண்டாள். மானேஜர் முதலில் சின்னவளைக் கூப்பிட்டால் இன்றும் அவளுக்குச் சுருக்கென்கிறது. ஒளிப்பதில்லை, நேரே போய், "இன்னைக்கும் பொறாமையாத்தான் இருக்கு, சொல்லிட்டேன்" என்கிறாள்.

"சரிக்கா, அந்த ஸ்பேனரை எடுங்க" என்கிறாள் சின்னவள்.