ரயிலில் ஏறச் சொன்ன டொக்டர்

நியுமோனியா முற்றி என் கணவர் மூச்சுவிடவே முடியாமல் தவித்தபோது, அவரை மயக்கி மூச்சு மெஷினில் போட வந்தவ ஓர் இளம் தமிழ் டொக்டர். இங்கே சுவிஸிலேயே பிறந்தவ. ஒட்ட வெட்டிய தலைமயிர். தமிழில் சுவிஸ் ஜெர்மன் இழுவை. ஊசி போடுமுன் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்பாவாம்.

"அங்கிள், உங்களுக்கு எங்க நல்லா நித்திரை வரும்?"

"வேலை முடிஞ்சு வாற... ரயிலிலை."

"அப்ப ஏறி இருங்கோ. உங்கட ஸ்டேஷன் லாங்கன்தால் வர நான் எழுப்பிவிடுறன்."

இவர் பயமில்லாமல் கண்ணை மூடினார்.

பிறகு வெளியே டொக்டரை மறித்துக் கேட்டேன். "இவர் எழும்பாட்டி என்ன செய்வீங்கள்?"

"நான் பொய் சொன்னதாப் போகும், அன்ரி. அது என்னோட இருக்கட்டும். அவர் பயந்துகொண்டு நித்திரையாகக் கூடாது."

பல நாட்கள் மெஷின்தான் இவருக்காக மூச்சுவிட்டது. கடைசியில் மருந்தை நிறுத்தி, பெயர் சொல்லி எழுப்பியதும் அவதான். நான் அழுதபடி நன்றி சொன்னேன். தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனா. அங்கே ஒரு சுவிஸ் கிழவி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தா. டொக்டர் குனிந்து ஏதோ கேட்டா. கிழவி சொன்ன பதிலுக்கு இருவரும் சிரித்தார்கள்.

அந்தக் கிழவிக்கு அவ என்ன வாக்குக் கொடுத்தா, அதைக் காப்பாற்ற முடிந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.