மெத்தைக்காரர் பிள்ளை சுமந்த கதை

வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்றில் அவருக்கு மெத்தைப் பிரிவு. அதனால் தெருவில் எல்லோருக்கும் அவர் மெத்தைக்காரர். விற்பது மெத்தை, பேசுவதும் மெத்த என்று அவருடைய மச்சினி கேலி செய்வாள். "வாங்கவே வேண்டாம் சார், சும்மா உட்கார்ந்து பாருங்க" என்று அவர் ஆரம்பித்தால் உட்கார்ந்தவர் படுப்பார், படுத்தவர் பில் போட்ட பிறகுதான் எழுந்திருப்பார். முதுகெலும்பைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் உலகத்து முதுகுகளை எல்லாம் அவரே செய்து மாட்டிவிட்டதுபோல இருக்கும்.

அவர் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையிலிருந்து ஊசி குத்தும் வேலை என்பதால், வார்த்தையால் குத்தும் ஆசை அவருக்கு மிச்சம் இருந்ததில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. கழுத்து நின்ற கையோடு மனைவி, பிள்ளையை நெஞ்சில் கட்டிச் சுமக்கும் பேபி கேரியர் ஒன்று வாங்கினார். கூட வந்த விளக்கத் தாளைப் படித்து, கண்ணாடி முன்னால் நின்று, வெறும் தலையணையை வைத்துக் கட்டிப் பழகி, பிறகுதான் பிள்ளையை அதில் வைத்தார். குழந்தை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு தூங்கியது. கை இரண்டும் ஓய்ந்தன. ஓய்ந்த கைகளுக்குப் பாத்திரமும் துணியும் வந்து சேர்ந்தன என்பது வேறு விஷயம்.

ஊருக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"குழந்தைக்கு மூச்சு முட்டாதா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"முகம் வெளியிலதான் இருக்கு, பாருங்க."

"காலு ரெண்டும் தவளை மாதிரி விரிஞ்சு கெடக்கே, நாளைக்கு நேரா நடக்குமா?" என்றார் மேல்வீட்டு அம்மா.

"அப்படித்தாம்மா இருக்கணும். முட்டி கொஞ்சம் மேல தூக்கி இருந்தாதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது."

"என்னவோ போ. எங்களுக்குத் தெரிஞ்சது எல்லாம் கையால தூக்குறதுதான்."

காய்கறிக்கடை வரிசையில் ஒருவர், காதில் விழட்டும் என்றே மெதுவாகச் சொன்னார்: "இப்பல்லாம் பெத்த பிள்ளையைத் தூக்கவும் பெல்ட் வேண்டியிருக்கு." ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. மனைவி கத்தரிக்காயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவிக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. ரொட்டி வாங்க வேண்டும், குழந்தையையும் வெளிக்காற்று பட வைக்க வேண்டும். கேரியரை அவருக்கு மாட்டி, பின்னால் போய் முதுகுக் கொக்கியை வலிக்காத கையால் பூட்டிவிட்டு மனைவி சொன்னார்: "குனிஞ்சா நெத்தியில முத்தம் குடுக்கிற உயரத்துல பாப்பா இருக்கணும். தாடை நெஞ்சோட ஒட்டிடக் கூடாது. கீழ எதையாவது எடுக்கணும்னா இடுப்பை வளைக்காதீங்க, முட்டியை மடக்குங்க."

"முதுகைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்றார் மெத்தைக்காரர்.

தெருவில் இறங்கி மருந்துக்கடையைத் தாண்டியிருக்க மாட்டார். "அடடா!" என்று கடைக்காரர் கல்லாவை விட்டே எழுந்து வந்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு அப்பாவா!"

மேல்வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தொட்டதே ஃபோட்டோ எடுக்கும்போதுதான் தம்பி. உங்க பொண்டாட்டி குடுத்து வச்சவ." காலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா தூக்கினால் பிள்ளைகள் நேராக நடக்கும்போலும். ரொட்டிக்கடையில் வரிசை தானாக விலகி அவருக்கு வழி விட்டது. கடைக்காரப் பெண் ரொட்டியோடு ஒரு பன்னையும் சேர்த்து வைத்தாள். அந்தக் குழந்தைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. பன்னை அவரே தின்றார்.

வீடு திரும்பியபோது அவருக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. "நம்ம தெருவுல நல்ல மனுஷங்கதான் இருக்காங்க" என்றார். மனைவி கொக்கியைக் கழற்றிவிட்டு, ஈரமான துணியை மாற்றக் குழந்தையை உள்ளே எடுத்துப் போனார்.

மணிக்கட்டு சரியான பிறகும் மெத்தைக்காரர் கேரியரை விடவில்லை. பால் வாங்க, தபால் போட, ஒன்றும் வாங்காமலிருக்க என்று எதற்கும் பிள்ளையோடு போனார். மருந்துக்கடை இருக்கும் பக்கமாகவே எல்லா வேலையும் வந்தது. போகும்போது மனைவி பூட்டிவிடுவார். வாசலுக்குத் திரும்பியதும் மனைவி கழற்றிவிடுவார். உள்ளே வந்து குழந்தை அழுதால், "பசிக்குதுபோல" என்று செய்தித்தாளை விரிப்பார்.

"ஏன் மாமா, உள்ள இருந்தா பாப்பா, தெருவுக்குப் போனா பதக்கமா?" என்று கேட்டாள் மச்சினி.

"பொறாமை," என்றார் அவர்.

விஷயம் கடைக்கும் போனது. சனிக்கிழமை கேரியரோடு வரட்டுமா என்று மெத்தைக்காரர் கேட்டபோது முதலாளி முதலில் டிபன் கேரியர் என்றுதான் நினைத்தார். பிள்ளை என்று தெரிந்ததும் முகம் சுளித்தார். அந்தச் சனிக்கிழமை விற்பனையைப் பார்த்ததும் சுளித்த முகம் விரிந்தது. தூங்குகிற குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மெத்தை விற்பவரிடம் யார் விலை பேசுவார்கள்? சத்தமாகப் பேசக்கூட முடியாது, பிள்ளை எழுந்துவிடும்.

முதலாளிக்கு யோசனை ஓடியது. வாசலில் ஒரு பலகை வைத்தார்: "புதிய அப்பாக்களே வாருங்கள்! குழந்தையைப் பாதுகாப்பாகச் சுமப்பது எப்படி? நேரடிச் செயல்முறை விளக்கம். அனுமதி இலவசம்." கீழே பெரிய எழுத்தில் மெத்தைகளின் தள்ளுபடி.

"நீங்களா சொல்லிக் குடுக்கப் போறீங்க?" என்று மனைவி கேட்டார்.

"பின்ன? நான்தானே தூக்கறேன்."

மனைவி துவைத்த துணிகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

விளக்கம் நடந்த அன்று மனைவி வேலை முடிந்து நேரே கடைக்கு வந்தார். குழந்தைக்குப் பால் கொடுத்து, தங்கையிடம் கொடுத்துவிட்டு, "கட்டிவிட்டுட்டுப் போகவா?" என்று கணவரிடம் கேட்டார். "வேண்டாம், எல்லார் முன்னாடியும்தான் கட்டிக் காட்டணும்" என்றார் அவர். சரி என்று மனைவி மெத்தைகள் இருக்கும் பக்கம் போனார்.

சோஃபாக்களை வளைத்துப் போட்ட இடத்தில் அப்பாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பஸ் ஓட்டுபவர், ஒருவர் பல் வைத்தியர், இன்னும் சிலர். ஒவ்வொருவர் மடியிலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த கேரியர், கயிறும் கொக்கியுமாகச் செத்த நண்டு மாதிரி கிடந்தது. பிள்ளைகள் அம்மாக்களோடு கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்தார்கள்.

மெத்தைக்காரர் பேசினார். தந்தையின் நெஞ்சுச் சூடு என்றார், இதயத் துடிப்பின் தாலாட்டு என்றார். பஸ் ஓட்டுபவர் மூக்கைச் சிந்தினார். "முதல்ல தலையணையை வச்சுக் காட்டறேன்" என்று கேரியரை எடுத்து மாட்டினார். இடுப்புப் பட்டை தொப்பைக்கு மேலா கீழா என்று ஒரு கணம் தடுமாறினார். கீழே கட்டினார். தலையணையைச் செருகினார். தோள்பட்டை முறுக்கிக்கொண்டது. முதுகுக் கொக்கியைப் பூட்டக் கையைப் பின்னால் விட்டார். எட்டவில்லை. மேலாக விட்டார், கீழாக விட்டார். முதுகில் எறும்பு ஊர்கிறவர்போல ஒரு சுற்றுச் சுற்றினார். இதுவரை அந்தக் கொக்கியை அவர் பார்த்ததுகூட இல்லை.

இரண்டாவது சுற்றில் தலையணை அடிவழியாக நழுவித் தரையில் 'தொப்' என்று விழுந்தது.

 மச்சினி மடியிலிருந்த குழந்தையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கம்பெனி கொக்கியே சரியில்லை," என்றார் மெத்தைக்காரர். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல்.

"அக்காவைக் கூப்பிடட்டுமா மாமா?"

"ம், கூப்பிடு. கொக்கிக்கு மட்டும்."

மச்சினி போய்விட்டுத் திரும்பி வந்தாள். "நீங்களே வந்து பாருங்க."

இருப்பதிலேயே விலை உயர்ந்த மெத்தையில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தார். உட்கார்ந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தவர் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றொன்று கீழே கிடந்தது. பரிசோதனைக் கூடத்து அடையாள அட்டை கழுத்தில் முறுக்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. சுற்றிலும் வாடிக்கையாளர்கள் நடந்தார்கள், ஒலிபெருக்கி தள்ளுபடியைக் கத்தியது. எதுவும் அவர் காதில் விழவில்லை.

முதலாளி ஓடி வந்தார். "எழுப்புப்பா! அங்க எல்லாரும் காத்துட்டு இருக்காங்க."

மெத்தைக்காரர் கையை நீட்டினார். மனைவியின் தோள்பட்டையில் சட்டை விலகி, கேரியர் பட்டை அழுத்தும் இடத்தில் ஒரு சிவப்புத் தடம் தெரிந்தது. வாழ்நாளில் எத்தனையோ பேரைப் படுக்க வைத்துப் பார்த்தவர் அவர். படுத்த உடனே இப்படி அடித்துப் போட்டாற்போலத் தூங்கியவர்கள் ஒருவரும் இல்லை. அது மெத்தையின் பெருமை இல்லை என்று அவருக்கே தெரிந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் சார். தூங்கட்டும்."

"அப்ப அங்க யாரு கட்டிக் காட்டுவாங்க?"

"அதான் எனக்கும் தெரியலை."

திரும்பி வந்து அப்பாக்கள் முன்னால் நின்றார். வாய் வியாபாரம் செய்தே பிழைத்தவர் முதல்முறையாகச் சுருக்கமாகப் பேசினார். அசடு வழிந்தது. "எனக்கு இதைக் கட்டத் தெரியாது," என்றார். "என் மனைவிதான் கட்டிவிடுவா. நான் நடந்துட்டு வருவேன், அவ்வளவுதான்."

 பஸ் ஓட்டுபவர், "அதான் நமக்கும்" என்றார். பல் வைத்தியர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன்னுடையது பெட்டியிலிருந்து வெளியே வந்ததே இன்றைக்குத்தான் என்றார்.

மச்சினி கைப்பையிலிருந்து விளக்கத் தாளை எடுத்தாள். அக்கா கொடுத்து வைத்திருந்தாராம். "எல்லாரும் எந்திரிங்க. ஆளுக்கொரு தலையணை எடுத்துக்கோங்க" என்று ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இடுப்புப் பட்டை தொப்பைக்கு மேலே என்றதும் பல பட்டைகள் மேலேறின. முதுகுக் கொக்கியை முன்கூட்டியே தளர்த்திப் பூட்டி, தலைவழியாக மாட்டி, பிறகு இறுக்கலாம் என்று தாளில் போட்டிருந்தது. அடுத்தவர் உதவியே தேவையில்லை. "அட!" என்றார் மெத்தைக்காரர், எல்லோரையும்விடச் சத்தமாக. பஸ் ஓட்டுபவரின் தலையணை தலைகீழாக இருந்தது. தலையணை என்பதால் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவரே சொன்னார்.

கண்ணாடிக்கு அப்பால் அம்மாக்கள் தேநீர் குடித்துக்கொண்டே பார்த்தார்கள். ஒருவர் உதவிக்கு எழுந்தபோது இன்னொருவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

தலையணைகள் விழாமல் நின்ற பிறகுதான் குழந்தையைக் கொடுத்தாள் மச்சினி. மெத்தைக்காரர் உட்கார்ந்துகொண்டு வைத்தார். முட்டி மேலே, முதுகுக்குத் துணி முழுசாக, காற்று போக முகத்துக்கு முன்னால் இடம். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். குனிந்தார், நெற்றி உதட்டுக்கு எட்டியது. வேர்த்துக் கொட்டிய அப்பாவின் முகத்தைப் பிள்ளை அண்ணாந்து பார்த்துவிட்டு, கையால் அவர் மூக்கைப் பிடித்தது.

அன்று மெத்தை விற்பனை பிரமாதம். வந்தவர்கள் எல்லோரும், "அந்தம்மா தூங்கறாங்களே, அந்த மெத்தை என்ன விலை?" என்றுதான் கேட்டார்கள். மனைவி கண் விழித்தபோது முதலாளி கைகட்டி நின்றார். "ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து தூங்கறீங்களாம்மா?"

"எழுப்ப மாட்டீங்கன்னா வர்றேன்," என்றார் மனைவி.

அதன்பிறகு மெத்தைக்காரர் கேரியரைத் தானே கட்டிக்கொண்டார். பிள்ளையை நெஞ்சில் வைத்துக்கொண்டு துணி மடித்தார், வீடு கூட்டினார். அடுப்புப் பக்கம் போகும்போது கழற்றிவிட வேண்டும் என்று மனைவிக்கே ஞாபகப்படுத்தினார். வீட்டுக்குள் இதையெல்லாம் பார்த்து 'அடடா' சொல்ல ஆள் இல்லாததுதான் அவருக்குக் கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, மனைவியை அழைத்துவரப் பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். காத்திருந்த கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து நின்று இடம் கொடுத்தார். "உங்களைப் பெத்தவங்க புண்ணியம் பண்ணியிருக்கணும் தம்பி. எந்த ஆம்பளை இப்படிச் சுமப்பான்?"

மெத்தைக்காரருக்குக் கூச்சமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அப்படியெல்லாம் இல்லைங்கம்மா. இதைவிடப் பல மடங்கு என் மனைவி சுமந்தா. அவளை ஒருத்தரும் பாராட்டலை. நானே பாராட்டலை."

அந்த அம்மா கையைக் கூப்பினார். "பாருங்க, பாருங்க!" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "எவ்வளவு தன்னடக்கம்! பொண்டாட்டியை விட்டுக் குடுக்காம எப்படிப் பேசறாரு!" காத்திருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் தன் கணவரை முழங்கையால் இடித்தார்.

மெத்தைக்காரர் பரிதாபமாக உள்ளே பார்த்தார். மனைவி ஒருவருடைய கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் சிரித்தன.

"அடுத்து யாருங்க?" என்றார் மனைவி.