திரும்பி வந்த இறக்கைத் தோல்

பேய், பிசாசு என்று யாராவது என் முன்னால் ஆரம்பித்தால் நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். இந்தக் கையால் லட்சம் ஆட்டுத் தோலுக்காவது ரோமம் வழித்திருப்பேன், ஒரு ஆடாவது வந்து 'எங்கே என் தோல்' என்று கேட்டிருக்கிறதா? அதற்கு மேல் எவனும் வாயைத் திறக்க மாட்டான். நான் அப்படிப்பட்ட ஆள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பதினோரு வயதில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியவன் நான். இன்றைக்கு ஆம்பூரில் என் சொந்த டேனரியில் பதினெட்டுத் தொட்டி ஓடுகிறது. மெட்ராஸ் கம்பெனிக்காரர்கள் எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டு ஒரு தோலைக் கையில் கொடுத்தால், அது எந்தச் சந்தை ஆடு, மழைக்கு முன்னால் அறுத்ததா பின்னால் அறுத்ததா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். ஆனால் முக்கியமாக, என் கண் ஏமாந்திருக்கும் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் தங்கை பாக்கியத்தின் புருஷன் மனுவேல், அரக்கோணம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். ஜெர்மன் சண்டைக்கு முந்தைய காலம் அது. மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரன் ஆகாய விமானம் ஓட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டு வந்தான், அவ்வளவுதான். வேலையை விட்டான், ஆம்பூருக்கு வந்தான், பாலாற்று ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டான். மூங்கிலை வளைத்து, ஒரு துரை விற்றுவிட்டுப் போன மோட்டார் சைக்கிள் இஞ்சினைப் பூட்டி, தானே ஒரு விமானம் கட்டினான். அதைப் போல ஒன்று அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. ஏனென்றால் எல்லாரும் இறக்கைக்குத் துணி போடுவார்கள், இவன் தோல் போட்டான். என் தோல்.

"துணி நனஞ்சா தொங்கிடும் மச்சான். குட்டித் தோலு மெல்லிசா, டமாரம் மாதிரி விறைப்பா நிக்கும். ஒங்கள வுட்டா அத யாரு செஞ்சு தருவாங்க?"

"செஞ்சு தர்றேன் மாப்ள. மேல ஏறிட்டு எறங்கறது எப்டி?"

"மொதல்ல ஏறட்டும் மச்சான்."

நாற்பது தோல். எல்லாவற்றிலும் என் குறி இருந்தது. பல வியாபாரிகளின் தோல் ஒரே தொட்டியில் கிடக்கும் என்பதால், தொட்டியில் போடும் முன் அவரவர் குறியைத் தோலிலேயே வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். என்னுடையது வாலடியில் மூன்று கீறல், பக்கத்தில் ஒரு பொத்தல். தைத்தவர் காதர் பாய், வேலூர் லாங் பஜாரில் குதிரைச் சேணம் தைப்பவர். ஒவ்வொரு மூலையிலும் முக்கோணமாக மூன்று பொத்தல் போட்டு முடிச்சிடுவார். அந்த முடிச்சு வேறு எவனுக்கும் வராது.

இப்போது என் தப்பைச் சொல்லியாக வேண்டும். மனுவேல் அவசரப்படுத்தினான். கடைசித் தோல் ஒன்றை ஆவாரம்பட்டைத் தொட்டியிலிருந்து ஆறு நாள் முன்னதாகவே எடுத்துவிட்டேன். ஓரத்தை வெட்டிப் பார்த்தேன். இரு பக்கமும் பட்டை நிறம், நடுவில் நூல் மாதிரி வெள்ளைக் கோடு. சாறு உள்ளே போய்ச் சேரவில்லை. அப்படிப்பட்ட தோலில் ஈரம் பட்டால் தையல் போட்ட இடத்திலேயே கிழியும். தெரிந்தேதான் கொடுத்தேன். கறுப்பு ஆட்டுக்குட்டித் தோல், கழுத்தருகே பிறை மாதிரி முள் கீறிய வடு. இடது இறக்கையில் போய் உட்கார்ந்தது.

ஒரு நாள் காலையில் பாலாற்று மணலில் பலகை பரப்பி அதை நிறுத்தினோம். டப்பாவிலிருந்து நான்தான் பெட்ரோல் ஊற்றினேன். பார்த்தவர்கள் நானும் பாக்கியமும் காதர் பாயும் மட்டும்தான். ஊருக்குச் சொன்னால் சிரிப்பார்கள் என்று மனுவேல் சொல்லவிடவில்லை. ஓடியது, குதித்தது, மறுபடி குதித்தது, பிறகு குதிக்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. பனைமரத்துக்கு மேலே ஏறி, மலைப் பக்கம் திரும்பி, மேகத்துக்குள் நுழைந்தது. சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. அது நின்றதை நாங்கள் மூன்று பேரும் கேட்கவில்லை.

திரும்பி வரவில்லை. விமானமும் இல்லை, ஆளும் இல்லை, ஒரு மூங்கில் துண்டுகூட இல்லை.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தோலில் விமானமாவது, பறப்பதாவது, அவன் கோலாரில் ஒருத்தியோடு இருக்கிறான் என்றார்கள். பாக்கியத்தின் மாமியாரே அவளை ஓடிப்போனவன் பொண்டாட்டி என்றாள். ஞாயிறு ஆராதனையில் அவள் கோயிலின் கடைசி வரிசைக்குப் போனாள்.

"செத்தாரா, ஓடிட்டாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுண்ணா. எதுன்னாலும் தாங்கிக்கிறேன். தெரியாமத்தான் இருக்க முடியல" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

கண்டுபிடித்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டதாக இந்த ஜில்லாவில் ஒருவன் சொல்லட்டும். ஐந்து வருஷம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையில் ஏறினேன். விறகு வெட்டுபவன், தேன் எடுப்பவன், ஆடு மேய்ப்பவன் ஒருவனை விடாமல் விசாரித்தேன். தோல் கிடைத்தால் எவனும் சும்மா விடமாட்டான் அல்லவா? அதனால் சந்தை சந்தையாகப் போய்க் கொல்லன் துருத்தியைத் திருப்பிப் பார்த்தேன், கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைச் சாலின் தோலைத் தடவிப் பார்த்தேன், முன்பின் தெரியாதவன் காலிலிருந்த செருப்பைக் கழற்றச் சொல்லி அடி வாங்கப் பார்த்தேன். ஒன்றிலும் என் குறி இல்லை. தேடிக்கொண்டே பயந்துகொண்டும் இருந்தேன். இடது இறக்கை கிழிந்து கிடப்பதைப் பார்த்தால் பாக்கியத்திடம் என்ன சொல்வேன்?

நம்பினால் நம்புங்கள். இப்போதுதான் விஷயம் வருகிறது.

திமிரிச் சந்தையிலிருந்து உப்புப் போட்ட, இன்னும் பதம் பண்ணாத பச்சைத் தோல் கட்டு ஒன்று வந்தது. திமிரி, மனுவேல் போன திசைக்கு நேர் எதிர்ப்பக்கம். கட்டில் சொன்னதைவிட ஒரு தோல் ஜாஸ்தி இருந்தது. தரகன் ஜாஸ்தியாகக் கொடுத்ததே முதல் அதிசயம். காலை பதினொரு மணி வெயிலில் தோலை அலசிக்கொண்டிருந்த சின்னப்பன் கத்தினான்.

"மேஸ்திரி, இங்க வாங்க. இன்னா கூத்து இது, நம்ம குறி இருக்குது!"

"பச்சைத் தோல்ல நம்ம குறி எப்டிடா இருக்கும்? நாமதான அத வெட்டணும்?"

"அதான் நானும் கேக்கறேன்."

வாங்கிப் பார்த்தேன். அறுத்து இரண்டு நாள்கூட ஆகாத தோல். கறுப்பு ரோமம் பளபளவென்று இருந்தது, ரத்தவாடை போகவில்லை. வாலடியில் மூன்று கீறல், ஒரு பொத்தல். கழுத்தில் பிறை மாதிரி வடு. நான்கு ஓரத்திலும் வரிசையாக ஊசிப் பொத்தல்.

பதம் பண்ணின தோல் மறுபடி பச்சைத் தோலாகாது. வெந்த சோறு அரிசியாகுமா? அதிலும் வழித்த ரோமம் திரும்ப முளைக்குமா? கத்தியை எடுத்து ஓரத்தை வெட்டினேன். ரோமத்துக்கு அடியில், இரு பக்கமும் ஆவாரம்பட்டை நிறம். நடுவில் நூல் மாதிரி வெள்ளைக் கோடு.

காதர் பாய்க்கு ஆள் அனுப்பினேன். மறுநாள் வந்தார். மூலையில் விரலை வைத்ததும் அவர் முகம் வெளுத்தது.

"யா அல்லா. மேஸ்திரி, இது என் ஊசி."

"நல்லாப் பாருங்க பாய்."

"என் பொஞ்சாதி மூஞ்சிய மறந்தாலும் மறப்பேன், என் மூலைய மறக்க மாட்டேன். இங்க பாருங்க, ஒரு பொத்தல்கூடக் கிழியல. நூல அறுக்கவும் இல்ல. பொறுமையா, ஒண்ணொண்ணாப் பிரிச்சிருக்காங்க."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பதம் சரியில்லாத தோலை வியாபாரி திருப்பி அனுப்புவான். கடிதம் கிடையாது, சண்டை கிடையாது. வாங்கி, மறுபடி தொட்டியில் போட்டு, சரியாகச் செய்து கொடுக்க வேண்டும். அதை நினைத்ததும் தோலைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பாக்கியத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"தெரிஞ்சே குடுத்தியா?"

"தெரிஞ்சேதான்."

அந்த ஈரத் தோலாலேயே என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதை விரித்து, மடித்து, என் கையில் கொடுத்தாள்.

"ஓடிப்போனவனுக்கு எறக்கைத் தோலு எதுக்கு? செத்தவனுக்குத்தான் எதுக்கு? அவரு திருப்பி அனுப்பியிருக்காரு. செஞ்சு குடு."

செய்தேன். என் வாழ்நாளில் எந்தத் தோலுக்கும் அப்படிச் செய்ததில்லை. வேறு எவனையும் தொட விடவில்லை. பட்டையை அவளே இடித்தாள். நாள் முடிந்த பிறகும் ஆறு நாள் கூடுதலாகப் போட்டு வைத்தேன். ஓரத்தில் விரல் நீளத்துக்கு வெட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு இல்லை. வெட்டிய துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கொடியில் காயப் போட்டு, நான்கு மூலையிலும் கயிறு கோத்துக் காதர் பாயையே முடிச்சுப் போடச் சொன்னேன்.

உச்சி வெயில். பனை ஓலை அசையவில்லை. நான், பாக்கியம், பாய், சின்னப்பன் நான்கு பேரும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தத் தோல் மட்டும் மெல்லக் காற்று வாங்கிப் புடைத்தது. தூரத்தில், அன்றைக்குத் தேய்ந்துபோன அதே சத்தம், தேய்ந்த இடத்திலிருந்து தொடங்கியது போலக் கேட்டது. பிறகு கொடியில் நான்கு கயிறு தொங்கியது. முடிச்சுகள் போட்டபடியே இருந்தன. தோல் இல்லை.

சின்னப்பன் அன்றைக்கே கணக்கு முடித்துக்கொண்டு அரக்கோணத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டான். சந்தேகம் இருந்தால் போய் அவனையே கேளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் கோயிலில் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"இன்னாடி, புருஷன் வந்துட்டானா?" என்றாள் மாமியார்.

"வேலையா இருக்காரு அத்தை. முடிஞ்சதும் வருவாரு."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

நான் வெட்டிய துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. சில நாட்களில் அது நடுங்கும். இரண்டு விரலால் பிடித்தால் ஓடுகிற இஞ்சின்மேல் கை வைத்தது மாதிரி இருக்கும். அதைப் பாக்கியத்திடம் கொடுத்தால் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஓடிக்கினுதான் இருக்குது" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஒன்றை மட்டும் இதுவரை அவளிடம் சொல்லவில்லை. பெட்ரோல் ஊற்றியவன் நான். அந்த டப்பாவில் இருந்தது அரை மணி நேரத்துக்குத்தான் வரும்.