ஓடாமல் நிற்க ஆசைப்பட்டவர்

"அழிச்சுப் போடுங்கோ" என்று அந்த அக்கா சொன்னது தனக்காகவா, எனக்காகவா? மாதக்கணக்கில் யோசித்தும் எனக்கு விடை தெரியவில்லை.

போன இலையுதிர் காலத்தில், ஜெர்மனியின் தென்மேற்கில், பழைய ஓடுதளம் ஒன்றின் ஓரமாக இருக்கும் சிறிய விமான அருங்காட்சியகத்தில் நடந்தது இது. நாங்கள் இருப்பது மியூனிக் பக்கத்தில், கார்ஹிங்கில். கணவருக்கு அங்கே ஆராய்ச்சி வேலை. நான் நான்கு வயது மகளைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே ஜெர்மன் வகுப்புக்குப் போய் வருகிறேன்.

விமானப் பைத்தியம் கணவருக்குத்தான். ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானம் ஒன்று அந்த அருங்காட்சியகத்துப் புல்வெளியில் நிற்கிறது. பறப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் அதன் நீளமான கூர்மூக்கு மட்டும் இன்னும் அசையும். தரையிறங்கும்போது ஓடுதளம் விமானியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, அந்த மூக்கைக் கீழே தாழ்த்துவார்களாம். ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து அந்தப் பொறியைப் பழுது பார்த்து, விசேஷ நாட்களில் மூக்கை இறக்கிக் காட்டி வந்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் எண்ணெய்க் குழாய்கள் இனிமேல் தாங்காதாம். அதனால் கடைசியாக ஒருமுறை தாழ்த்தி உயர்த்திவிட்டு, நிரந்தரமாகப் பூட்டிவிடப் போகிறார்கள். அதற்கான விடைகொடுக்கும் நாள் அது.

ஆசை ஆசையாக டிக்கெட் வாங்கிய கணவருக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்துவிட்டது.

"நீயும் பாப்பாவும் போயிட்டு வாங்க. அந்த மூக்கு இறங்குறதை மட்டும் ஃபுல்லா வீடியோ எடுத்துடு. நடுவுல கட் பண்ணிடாத, ப்ளீஸ்" என்றார்.

காய்ச்சலோடு இருப்பவரை விட்டுப் போவது சரியா, இவ்வளவு கெஞ்சுபவரிடம் மாட்டேன் என்பது சரியா என்று புரியாமல், ரசம் வைத்து மூடிவிட்டு, மகளுக்கு இரண்டு ஸ்வெட்டர் கூடுதலாக எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். வழியெல்லாம் போன் செய்து அவருக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே போனேன்.

அங்கே போனால், கல்யாண வீடா இழவு வீடா என்று சொல்ல முடியாத ஒரு கூட்டம். பழைய விமான கம்பெனித் தொப்பிகள், தோளில் தொங்கும் கேமராக்கள். நன்றாகப் படித்தவர்போல இருந்த ஒரு பெரியவர் விமானத்தின் சக்கரத்தடியில் பூங்கொத்து வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு இயந்திரத்துக்காக அழுவார்களா என்று எனக்கு விளங்கவில்லை. சிரிக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

"அம்மா, இந்த ஏரோப்ளேன் ஏன் கொக்கு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள் மகள்.

எங்களுக்கு முன்னால், ஒரு சின்ன மடக்கு ஏணிமேல் நின்றிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். "கொக்குத்தான் பிள்ளை. பாத்துக்கொண்டிரு, இண்டைக்குத் தலையைக் குனியும்."

"நீங்க தமிழா அக்கா!" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"பின்ன, கொக்கு எண்டு சீனத்திலயோ சொன்னனான்?" என்று சிரித்தபடி இறங்கி வந்தார்.

ஐம்பது வயதைத் தாண்டிய இலங்கைத் தமிழர். நாட்டின் வடமேற்கில் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலையாம். அவ்வளவு தூரத்திலிருந்து ஏணியையும் தூக்கிக்கொண்டு முதல் நாளே வந்து தங்கியிருக்கிறார். "இஞ்ச எல்லாரும் உயரம், நான் கட்டை. ஏணி இல்லாட்டி இந்த நாட்டில முதுகுகளைத்தான் பாக்கலாம்" என்றார். அவருடைய ஆட்கள் அவரைக் கூப்பிடுவதே 'பிளேன் அக்கா' என்றுதானாம். "கலியாண வீட்டுக்குப் போனாலும், 'என்ன பிளேன் அக்கா, இண்டைக்கு மேல ஒண்டும் போகேல்லையோ' எண்டு பகிடி பண்ணுவினம்."

பையிலிருந்து, காரமாக உள்ளே அடைத்துப் பொரித்த ரோல்ஸ் எடுத்து மகளிடம் கொடுத்தார். உறைக்குமோ, வேண்டாம் என்றால் தப்பாக நினைப்பாரோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோதே அவள் பாதியைச் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

விமானத்தின்மேல் எப்படி இவ்வளவு ஆசை வந்தது என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். அவர் விமானத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்கட ஊரில அப்ப பிளேன் சத்தம் கேட்டா பங்கர் குழிக்குள்ள ஓடுறதுதான் தங்கச்சி. அது என்ன நிறம் எண்டு ஆர் பாத்தது? இஞ்ச வந்த புதுசில தம்பி ஒரு விமானக் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனவன். அண்டைக்கு இது வந்தது. நெஞ்சுக்குள்ள இடிக்கிற சத்தம். நான் ஓடிப்போய் ஒரு காருக்குக் கீழ படுத்திட்டன். மெல்லத் தலையைத் தூக்கிப் பாத்தா, சனம் கை தட்டுது. சின்னப் பிள்ளையள் மேல பாத்துக் கை காட்டுதுகள். பிளேனைப் பாத்துக் கை காட்டலாம் எண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்."

"ஐயோ அக்கா" என்று மட்டும் சொன்னேன். அவர் அதற்குள் சிரித்த முகத்துக்கு வந்துவிட்டார்.

"எனக்கொரு உதவி செய்வீங்களோ? என்னட்ட பிளேன் படம் மலைபோலக் கிடக்கு. ஒண்டிலயும் நான் இல்லை. இண்டைக்கு இது கடைசியாத் தலை குனியேக்க, நான் இதுக்கு முன்னால ஓடாம நிக்கிறதை எடுத்துத் தாறீங்களோ? வீடியோவா எடுங்கோ. படமெண்டா எல்லாரும் நிக்கிற மாதிரித்தான் இருக்கும். வீடியோவிலதான் நான் ஓடேல்லை எண்டு தெரியும்."

கணவரும் அதே காட்சியைத்தானே கேட்டிருந்தார்? "ஃபுல்லா எடுத்துடறேன் அக்கா, டோன்ட் வொரி" என்றேன். அனுப்புவதற்காகத் தன் எண்ணை என் போனில் போட்டுக் கொடுத்தார். ஏணியைப் பக்கத்தில் நின்ற ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, கயிறு கட்டிய இடத்துக்குப் போய் விமானத்துக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து நின்றார். மூக்கு அசைய ஆரம்பித்ததும் மெதுவாகத் திரும்பி, அதைப் பார்த்துக் கை காட்டுவது என்று பேச்சு.

"என்ன நடந்தாலும் நிப்பாட்டிப் போடாதேங்கோ, என்ன?" என்றார் அங்கிருந்தே.

மகளிடம், "அம்மா கோட்டைப் பிடிச்சுக்கோ, விடவே கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனை உயர்த்தினேன். அவளுடைய இன்னொரு கையில், வாசலில் குழந்தைகளுக்குக் கொடுத்த காகித விமானம் இருந்தது.

ஒலிபெருக்கியில் ஜெர்மனில் ஏதோ சொன்னார்கள். பாதிதான் புரிந்தது. கூட்டம் அமைதியானது. எங்கோ ஒரு பம்பு முனக ஆரம்பித்தது. திரையில் அக்கா முடியைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். பின்னால் மூக்கு லேசாக அசைந்தது. இப்போது திரும்புவார் என்று பார்த்தேன். அவர் திரும்பவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது. "பிள்ளை!" என்று கத்திக்கொண்டு என்னைக் கடந்து ஓடினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தேன்.

கோட்டின் ஓரம் இழுபட்டுக்கொண்டுதான் இருந்தது. மகள் பிடித்திருக்கிறாள் என்றே நினைத்தேன். அது காற்று. 'பிள்ளை' என்று அவர் கத்தியது வேறு யாருடைய பிள்ளையையோ என்று ஒரு கணம் என் மூளை எடுத்துக்கொண்டது. நிறுத்தாதே என்று அவர் சொன்னதும், கட் பண்ணாதே என்று கணவர் சொன்னதும் மட்டும்தான் கையில் இருந்தன. அந்த நீளமான மூக்கு மெல்ல மெல்லத் தாழ்ந்தது. கூட்டம் கை தட்டியது. சிலர் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஒரு கை வந்து என் கையை மெதுவாகக் கீழே அழுத்தியது.

"காணும், எடுத்தது போதும் தங்கச்சி. கையை இறக்குங்கோ."

அக்காவின் இடுப்பில் என் மகள் இருந்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது. காகித விமானம் காற்றில் பறக்க, அதைப் பிடிக்க ஓடியவள், எங்களுக்குப் பின்னால் கார்கள் நிறுத்தும் இடம்வரை போயிருக்கிறாள். அங்கே ஒரு கேம்பர் வேன் பின்பக்கமாக வந்துகொண்டிருந்திருக்கிறது. அதன் பின்சக்கரத்தடியிலிருந்துதான் அக்கா அவளை அள்ளினாராம். வேன்காரர் வெளிறிய முகத்தோடு வந்து, குழந்தையைத் தான் முன்பே பார்த்துவிட்டதாகவும் எப்படியும் நிறுத்தியிருப்பேன் என்றும் சொன்னார். பக்கத்திலிருந்த ஒரு பெண், "நீங்கள் எங்கே பார்த்தீர்கள், விமானத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று அவரோடு சண்டைக்குப் போனார். யார் சொல்வது உண்மை என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழ மட்டும்தான் முடிந்தது.

மகள் அழவில்லை. "அம்மா, கொக்கு கும்பிட்டுச்சு!" என்றாள்.

அக்கா அவளைத் தூக்கியபோது, அவருடைய தோளுக்கு மேலாக அவள் முகம் விமானத்தைப் பார்த்து இருந்திருக்கிறது. அக்கா பார்த்தது வேனை. என் மகள் பார்த்தது விமானத்தை.

"நீ பாத்தனியோ? எப்பிடிக் குனிஞ்சது, காட்டு" என்றார் அக்கா.

அவள் கழுத்தை நீட்டி, மெல்லத் தலையைத் தாழ்த்திக் காட்டினாள். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் மூக்கு மேலே போய்விட்டது. நான் ஓடிப்போய், ஆரஞ்சு நிற அங்கி போட்ட தொண்டர் ஒருவரிடம், தெரிந்த ஜெர்மனையெல்லாம் கூட்டிச் சேர்த்து, இன்னும் ஒரே ஒருமுறை இறக்க முடியுமா என்று கெஞ்சினேன். அவர் புல்லில் சொட்டியிருந்த எண்ணெயைக் காட்டி, வருத்தத்தோடு தலையசைத்தார்.

திரும்பி வந்தபோது அக்கா ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். "பாத்தனீங்களோ தங்கச்சி, இந்தக் கொக்குக்கு முன்னால என்னால ஓடாம இருக்க ஏலாது போல" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"வீடியோ இருக்கு அக்கா. இப்பவே அனுப்பறேன். மூக்கு இறங்கினதையாவது நீங்க பாக்கலாம்ல?"

அவர் ஏணியின் கொக்கியை மாட்டி முடித்தார். பிறகு, "அனுப்ப வேண்டாம். அழிச்சுப் போடுங்கோ" என்றார். கோபமே இல்லை. மகளின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, "அம்மான்ர கோட்டை விடாதை, என்ன?" என்று சொல்லிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் போர்வைக்குள்ளிருந்தே வீடியோவைப் பார்த்து, "சூப்பர், கொஞ்சம்கூட ஷேக் ஆகல" என்றார். பிறகு, "யாரது கத்துறது?" என்று கேட்டார். சொன்னேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அக்கா இப்போதும் அவ்வப்போது செய்தி அனுப்புகிறார். "பிள்ளை சுகமோ?" என்று கேட்டு, தான் எடுத்த ஏதாவது ஒரு விமானத்தின் படத்தை அவளுக்காகப் போடுவார். அந்தக் கொக்கின் படம் மட்டும் வந்ததே இல்லை. அந்த நாளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நானும் கேட்கவில்லை.

வீடியோ இன்னும் என் போனில்தான் இருக்கிறது. அழிக்கச் சொன்னவரின் பேச்சை மீறுகிறோமே என்று பலமுறை விரலைக் கொண்டுபோவேன். அமுக்க முடியாது. குழந்தை சக்கரத்தடியில் இருக்கும்போது ஒரு தாய் அசையாமல் படமெடுத்துக்கொண்டிருந்ததற்கு அது சாட்சி. அதை நான் பார்த்துப் பார்த்து நோகக் கூடாது என்றுதான் அழிக்கச் சொன்னாரா? அல்லது, நிற்க வேண்டும் என்று இத்தனை வருடம் காத்திருந்து, மறுபடியும் ஓடிய தன்னையே பார்க்கச் சகிக்காமல் சொன்னாரா? அப்படியென்றால் அதை அனுப்புவது அவருடைய புண்ணைக் கிளறுவதாகிவிடாதா?

ஆனால் நான் அதில் பார்ப்பது வேறு. அத்தனை பேரும் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கூட்டத்தில் அதற்கு முதுகைக் காட்டி ஓடி வருகிறவர் அவர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் அது தலைகுனிய ஆரம்பிக்கிறது. விமானத்துக்குப் பயந்து ஓடுகிறவரின் முகம் இல்லை அது. ஒரு குழந்தையை நோக்கி ஓடுகிறவரின் முகம். அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியுமா? நான் காட்டாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

இதைப் படிக்கிற நீங்களாவது சொல்லுங்கள். அவர் கேட்டுக்கொண்டபடி அழித்துவிடட்டுமா, அல்லது அவர் பேச்சை மீறி ஒரே ஒருமுறை அவருக்கு அனுப்பிவிடட்டுமா?