பூண்டு முடிச்சு போட்ட பாசிமாலை

1. திரும்பி வந்த பெட்டி

எங்கள் விடுதிப் பிள்ளைகள் கட்டிய முதல் நாற்பது பாசிமாலைகளும் மதுரைக் கடையிலிருந்து போன வேகத்திலேயே திரும்பி வந்தன. பெட்டியைத் திறந்ததும் மேலே ஒரு கடிதம். பாசிகள் நின்ற இடத்தில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி நடுவில் குவிந்துவிடுகின்றன, முடிச்செல்லாம் தளர்ந்து கிடக்கிறது, இப்படிப்பட்ட சரக்கை வைத்து வியாபாரம் செய்ய முடியாது என்று கடைக்கார அம்மா எழுதியிருந்தார். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

எழுபதுகளின் கடைசி அது. கொடைக்கானலில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்பிள்ளைகள் விடுதியில் நான் கிராஃப்ட் டீச்சர். படித்தது தையலும் எம்பிராய்டரியும். மேக்ரமே கற்றுக்கொண்டது வட்டக்கானலில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம், பத்தே நாளில். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பேசிய இங்கிலீஷ் பிடிபடவில்லை. விரலைப் பார்த்தே கற்றேன். மேக்ரமேக்கு ஊசி வேண்டாம், தறி வேண்டாம். நூலை முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போய், நடுநடுவே பாசி கோர்த்தால் மாலையாகும், கைவளையாகும், காதுக்குத் தொங்கட்டானும் ஆகும். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தோதான வேலை இல்லை என்று பெரிய சிஸ்டரிடம் நான்தான் வாய்ச்சவடால் அடித்து வகுப்பைத் தொடங்கினேன்.

பெரிய சிஸ்டர் திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டீச்சர், ஒன் மோர் பேட்ச் அனுப்புவோம். அதுவும் ரிட்டர்ன் வந்துச்சுன்னா கிராஃப்ட் கிளாஸ் வேண்டாம். அந்த நேரத்துல பிள்ளைங்க கணக்கு போடட்டும்."

வகுப்பை மூடினாலும் என் பிழைப்பு போயிருக்காது. யூனிஃபார்ம் தைக்கும் சோலி மலை மாதிரிக் கிடந்தது. போயிருக்கக்கூடியவள் பாக்கியம்.

பாக்கியம் பூம்பாறைப் பிள்ளை, ஆறாம் வகுப்பு. கணக்கும் வராது, வாசிப்பும் தட்டுத்தடுமாறித்தான். அதற்கு முந்தின மாதம் அவள் அப்பா வந்து முற்றத்திலேயே நின்று பேசினார். "படிப்பு ஏற மாட்டேங்குதுங்க டீச்சர். அங்க பூண்டு எடுக்க ஆளில்லாம கெடக்கு. என்னமோ கைத்தொழிலு கத்துக்கிருதேன்னுதான் விட்டு வச்சிருக்கேன். அதுவும் இல்லைன்னா கூட்டிட்டுப் போயிருவேன்." கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

2. ஈர நூல்

எங்கள் பட்டறை என்பது சாப்பாட்டு அறையின் ஒரு மூலை. பழைய கம்பளியைச் சுற்றிய அட்டைதான் பலகை. அதில் குண்டூசி குத்தி நான்கு காட்டன் நூலைத் தொங்கவிட வேண்டும். நடுநூல் இரண்டும் அசையாமல் நிற்கும், ஓரநூல் இரண்டும் அவற்றைச் சுற்றி ஓடும். இடமிருந்து ஒரு தடவை, வலமிருந்து ஒரு தடவை போட்டால் ஒரு முடிச்சு, ஸ்கொயர் நாட் என்று பெயர். நான்கு முடிச்சுக்கு ஒரு பாசி. பதினாறு பிள்ளைகள் நாக்கைத் துருத்திக்கொண்டு உட்கார்ந்து கட்டுவதைப் பார்த்தால் எந்தக் கல்நெஞ்சும் இளகும். என் நெஞ்சு அந்த வாரம் இளகவில்லை.

"கையில வலு இல்லையா? இறுக்கிப் போடுங்கடி!" என்று வரிசை வரிசையாக நடந்து கத்தினேன். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தேன். தளர்வாகத் தெரிந்ததை எல்லாம் பிரிக்கச் சொன்னேன். இரண்டு பிள்ளைகளுக்கு விரல் கன்றிப்போனது. இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. தப்பு பிள்ளைகளின் கையில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன், வேறு எங்கும் தேடவே இல்லை.

நான்காம் நாள் பாக்கியம் வேலையை நிறுத்திவிட்டு நூலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி விளையாட்டு?"

"நூலு ஈரமா இருக்கு டீச்சர்."

"எங்க ஈரம்? நானா தண்ணி ஊத்துனேன்?"

"மஞ்சு உள்ள வருதுல்ல டீச்சர். இப்ப உப்பிப் போய் இருக்கு. வெயிலுக்குப் போனா மெலிஞ்சிரும். மெலிஞ்சா முடிச்சு தொளதொளன்னு ஆயிரும். பூண்டுத் தாளும் அப்பிடித்தான்."

ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். எந்நேரமும் போல மூடுபனி சட்டத்தைத் தாண்டி உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்தவள் நான், எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

பூம்பாறையில் பூண்டைப் பிடுங்கியதும் அதன் தண்டான தாளோடு சேர்த்துக் கட்டி, அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிடுவார்கள். பச்சைத் தாள் காயக் காயச் சுருங்கும். சாதாரண முடிச்சாக இருந்தால் ஒரு வாரத்தில் பூண்டெல்லாம் பொலபொலவென்று தலையில் விழும். அதனால் அவர்கள் போடுவது வேறு முடிச்சு. நாரை இரண்டு சுற்று சுற்றி, இரண்டாவது சுற்றுக்கு அடியிலேயே நுனியைக் கொடுத்து இழுப்பார்கள். உள்ளே இருப்பது எவ்வளவு சுருங்கினாலும், தொங்கும் பாரம் முடிச்சை அவ்வளவுக்கு இறுக்கும். இறுக மட்டும்தான் அதற்குத் தெரியும். பாக்கியம் அதை ஒரு பாசிக்குக் கீழே போட்டுக் காட்டினாள்.

"இது மேக்ரமேயில இல்லாத முடிச்சு" என்றேன் விறைப்பாக. எனக்கு முடிச்சு சொல்லிக் கொடுக்க இவள் யார் என்ற எரிச்சல்தான், மறைப்பானேன். ஆனாலும் என் முடிச்சு போட்ட துண்டு ஒன்றையும் அவளுடையது ஒன்றையும் சமையலறை அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். மறுநாள் வெள்ளனே போய்ப் பார்த்தால் என் பாசிகள் கீழே இறங்கி ஒன்றாகக் கூடியிருந்தன. அவள் பாசிகள் வைத்த இடத்தில் இருந்தன.

அன்று வகுப்பில் பாக்கியத்தை என் ஸ்டூலில் உட்கார வைத்தேன். மற்ற பதினைந்து பேரோடு நானும் தரையில் உட்கார்ந்து அந்த முடிச்சைக் கற்றுக்கொண்டேன். எனக்குத்தான் கடைசியில் வந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் சமையல்கார அக்காவே எட்டிப் பார்த்தார்.

3. கழுத்தை விட்டு இறங்காத மாலை

பத்து நாளில் நாற்பது மாலை கட்டி முடித்தோம். கடைசி இரண்டு நாள் எனக்குக் காய்ச்சல். மாலையின் பின்பக்கத்தை மட்டும் முடிக்க வேண்டும். ஒரு நுனியில் நூலாலேயே ஒரு காது, மறு நுனியில் பெரிய பாசி, காதுக்குள் பாசியை நுழைத்தால் மாலை பூட்டிக்கொள்ளும். அதைப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள் என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

எழுந்து வந்தபோது நாற்பதும் மேஜையில் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் முன்பக்கத்தையும் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது. பெருமை தாங்கவில்லை. நாற்பதையும் இழுத்துப் பார்த்தவள் ஒன்றையாவது போட்டுப் பார்த்திருக்கலாம்.

அந்த வாரமே கடைக்கார அம்மா நேரில் வந்துவிட்டார். சீசனுக்குக் குடும்பத்தோடு வந்தவர், மறுபடி ஒரு பெட்டி அனுப்பித் திரும்ப வாங்குவதைவிட இங்கேயே பார்த்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார். பட்டுப்புடவையும் ஸ்வெட்டருமாக உள்ளே வந்தார். பெரிய சிஸ்டர் பக்கத்தில் நின்றார். பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அம்மா ஒரு மாலையை எடுத்துத் தலை வழியாகப் போட்டு, பின்பக்க நூலைப் பிடித்துக் கழுத்துக்கு அளவாக இழுத்தார்.

"அட, நல்லா ஒக்காருதே! கண்ணாடி இருக்கா?"

கண்ணாடி பார்த்தார். சிரித்தார். கழற்றப் போனார். மாலை வரவில்லை.

நான் ஓடிப் போய்ப் பின்னால் பார்த்தேன். காதும் இல்லை, பெரிய பாசியும் இல்லை. அங்கேயும் பூண்டு முடிச்சு. ஒரு விரல் நுழையும் இடம்தான் இருந்தது. எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னும் கொஞ்சம் இறுகியது.

"பாக்கியம்! இது என்ன?"

"பாசிக்கு நல்லா நிக்குதுல்ல டீச்சர், கழுத்துக்கும் நல்லா நிக்கும்னு..."

"இதை அவுக்கிறது எப்படி? வெரசாச் சொல்லு!"

"எங்க ஊர்ல அவுக்க மாட்டாக டீச்சர். அருவாள வச்சு அறுத்துருவாக."

கடைக்கார அம்மாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. பெரிய சிஸ்டர் கத்தரிக்கோலை நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்ததுமே வகுப்பு முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாக்கியத்தின் பக்கம் திரும்பவே எனக்குத் தைரியம் இல்லை. அம்மாவின் கொண்டையைத் தூக்கிப் பிடித்துப் பின்பக்க நூலை வெட்டினேன். அவசரத்தில் பின்பக்கம் மட்டுமல்ல, பக்கத்துப் பாசி வரிசையும் சேர்ந்து அறுந்து மாலை இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது.

பாசியெல்லாம் உருண்டு ஓடப்போகிறது என்று இரண்டு பிள்ளைகள் பொறுக்கக் குனிந்தே விட்டார்கள். ஒன்றுகூட ஓடவில்லை.

அம்மா குனிந்து இரண்டு துண்டையும் எடுத்தார். உதறினார். ஒரு பாசியைப் பிடித்து நகர்த்திப் பார்த்தார், நகத்தால் நெம்பிப் பார்த்தார். கழுத்தைத் தடவிக்கொண்டே பெரிய சிஸ்டரைப் பார்த்துச் சொன்னார்: "சிஸ்டர், வெட்டிப் போட்டும் ஒரு பாசி நகரலையே! போன பெட்டியில வெட்டாமலே எல்லாம் வழுக்கி ஓடுச்சு. முன்பக்கம் இப்படியே இருக்கட்டும். பின்பக்கம் மட்டும் மனுசங்க கழட்டுற மாதிரி போட்டுக் குடுங்க, மீதி எல்லாத்தையும் நான் இறங்கும்போதே எடுத்துக்கிறேன்." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, "எந்தப் பிள்ளை கண்டுபிடிச்சது இது?" என்றார்.

பதினைந்து விரல்கள் பாக்கியத்தைக் காட்டின. அவள் அழுதுகொண்டிருந்தாள். என் கண்ணும் சும்மா இல்லை.

இப்போது கைவினை வகுப்பு எடுக்கும் பெண்கள் என்னிடம் யோசனை கேட்பதுண்டு. இரண்டு சொல்வேன். செய்த நகையைப் போட்டுப் பார், கழற்றியும் பார். முதல் நாள் உன் முடிச்சை ஆரம்பிக்காதே, வீட்டில் எதை எதைக் கட்டுவீர்கள் என்று பிள்ளைகளைக் கேள். அடுத்த ஜூனில் நான் கேட்டேன். விறகுக்கட்டு, மாட்டுக் கயிறு, தொட்டில், பூச்சரம் என்று பிள்ளைகள் கட்டிக்கொண்டே போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி கொழுந்துக் கூடைக் கயிறு கட்டிக் காட்டினாள். ஒரே காலையில் பத்தொன்பது முடிச்சு.

பாக்கியத்தின் அப்பா அந்த வருஷம் பூண்டு எடுக்கும் காலத்தில் அவளைக் கூட்டிப்போக வந்தார். அவளுடைய தகரப் பெட்டியைத் தூக்கக் கயிறும் கொண்டு வந்திருந்தார். மதுரைக் கடைக்குப் போகிற மாலை என்று சொல்லி ஒன்றை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண் வேலையில் காய்த்துப்போன இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் இழுத்தார்.

"ஏத்தா, இது நம்ம பூண்டு முடிச்சுல்ல?" என்று மகளைக் கேட்டார்.

"ஆமாப்பா."

"இதையா மதுரையில கழுத்துல போடுறாக?"

"ஆமாப்பா. டீச்சருக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர் என்னைப் பார்த்தார். "உள்ளதுங்களா டீச்சர்?"

"உள்ளதுங்க. நான் போட்ட முடிச்செல்லாம் அவுந்துருச்சு. உங்க மக போட்டதுதான் நிக்குது" என்றேன். என் தோல்வியை அவ்வளவு பெருமையாக நான் வேறு எங்கும் சொன்னதில்லை.

அவர் மாலையை மகள் கையில் கொடுத்துவிட்டு, கொண்டு வந்த கயிற்றைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுத் தனியாகவே இறங்கிப் போனார்.