அரிசி டிரம்மில் கிடந்த கத்தி

சமையலறையில் அம்மா இருந்தாள், மாமா இருந்தார், நான் இருந்தேன். அப்பா இல்லை, மாரிகுப்பத்தில் விடிகாலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார். கத்திக்குச் சொந்தக்காரரான தாத்தா, அம்மாவின் அப்பா, நான் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார்.

அம்மா அரிசி டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டு ஒரு துணி முடிச்சை எடுத்தாள். "சயனைடு மேட்டுப் பக்கம் எங்கயாச்சும் வீசிட்டு வந்துடு. நாளைக்கு வீடு அளக்க வர்றாங்க." தங்கம் எடுத்தபின் சுரங்கக் கம்பெனி கொட்டிய கழிவு மண்தான் அந்த மேடு; எங்கள் வீடும் அந்தக் கம்பெனி கொடுத்ததுதான்.

முடிச்சுக்குள் ஒரு மடக்குக் கத்தி. ஒரு பக்கம் அலகு, மறுபக்கம் விரல் நீளத்துக்குத் தடித்த ஊசி. அலகின் அடியில் நான்கு எண்கள். தாத்தா சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைப்பவர். சாவு வீட்டில் அவர் பெட்டியைத் திறந்தபோது உறவுக்காரர் ஒருவர் இதைப் பார்த்துச் சொன்னாராம்: "வெடிமருந்து குத்துற ஊசி. நம்பர் வேற அடிச்சிருக்கு. கம்பெனி சாமான்." சுரங்கத்தில் சம்மட்டி முதல் ஸ்பேனர் வரை நம்பர் அடிக்காத சாமான் கிடையாது, வெளியே கொண்டுவந்து மாட்டினால் வேலை போகும். அன்றே அம்மா கத்தியை ஒளித்துவிட்டாள். தன் அப்பா திருடினார் என்று நம்பிக்கொண்டேதான் வருஷா வருஷம் அவர் படத்துக்குப் பூ வைத்தாள்.

"அக்கா, கம்பெனியே மூடி எத்தினி வருசம் ஆச்சி. எவன் வந்து கேக்கப் போறான்?" என்றார் மாமா.

"கேக்க வேணாம்டா, பாத்தாலே போதும். திருடன் பொண்ணுன்னு ஒருத்தன் வாயில வரக் கூடாது."

வீசுவதற்கு முன் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுத்து எங்கே கிடந்தாலும் படிக்காமல் விடமாட்டேன். எண்களுக்கு மேல் ஆங்கிலத்தில் ஒரு பெயரும் ஷெஃபீல்ட் என்ற ஊரும் தெரிந்தன. பக்கத்தில் காக்கைக் கால் போல மூன்று கோட்டில் ஓர் அம்புக்குறி. போனில் தேடினேன். அம்பு, ஆங்கிலேய அரசாங்கச் சாமானில் அடிக்கும் முத்திரை. பெயர், கத்தியைச் செய்தவருடையது. இதே கத்தி, இதே ஊசி, படத்தோடு இருந்தது. சிப்பாய்களுக்குக் கொடுத்த கத்தி அது; ஊசி இருப்பது கயிற்று முடிச்சை அவிழ்க்க.

"இது நம்பர் இல்லம்மா, வருசம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திரெண்டு. சண்டை நடந்த காலம். இது பட்டாளத்துக் கத்தி."

மாமாவும் வெடி வைத்தவர்தான். ஆனால் அந்தத் துணி முடிச்சை அவிழ்க்க அக்கா அவரை விட்டதே இல்லை. இப்போதுதான் கையில் வாங்கி, ஊசியை நகத்தால் சுரண்டினார். "இன்னாக்கா இது, துரு புடிச்சிருக்கு! இரும்புக்கா இது. மருந்துகிட்ட எவனாச்சும் இரும்பக் கொண்டு போவானா? பொறி பட்டா பொணம்கூடக் கெடைக்காது. எங்க ஊசியெல்லாம் கட்டை, இல்லாட்டி செம்புதான்."

அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்போ பட்டாளத்துல திருடினாரா?"

மாமா சிரித்துவிட்டார். "வேலூரத் தாண்டாத மனுசன், பட்டாளத்துக்கு எங்க போவாரு?"

சண்டை முடிந்த பிறகு இப்படிப்பட்ட கத்திகள் கடைவீதிகளில் விலைக்கு வந்தன என்று படித்ததைச் சொன்னேன். "தாத்தா காசு குடுத்து வாங்கினாரா, யாராச்சும் குடுத்தாங்களான்னு இதுல இல்லம்மா. எனக்குத் தெரியாது. ஆனா சுரங்கத்துச் சாமான் இல்ல."

அம்மா கத்தியை வாங்கி முந்தானையால் துடைத்தாள். "பொங்கலுக்கு இதாலதான் எனக்குக் கரும்பு சீவிக் குடுப்பாரு. தோல எடுத்து, துண்டு துண்டா. யார்கிட்டயும் சொன்னதில்லடா."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலமே ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் சாணை பிடிப்பவரிடம் அம்மாவும் நானும் போனோம். அவர் கத்தியைப் புரட்டிப் பார்த்தார். "ரொம்பப் பழசா இருக்கே. யாருதும்மா இது?"

"எங்கப்பாது." பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி சொன்னாள்.

கொத்தமல்லிக் கட்டுக்கே பேரம் பேசுகிறவள், அவர் கேட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்தாள். ஐம்பது ரூபாய்.