பின்னட்டையில் ஒரு பெயர்

வகுப்பில் அவனுக்கு வைத்த பெயர் சதுரம். இரண்டு கைகளின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சதுரமாகப் பிடித்து, அதற்குள்தான் உலகத்தைப் பார்ப்பான். பஸ் ஸ்டாப், குப்பைத் தொட்டி, நடைபாதையில் தூங்கும் நாய், எல்லாமே அவனுக்கு ஏதோ ஒரு இசைத்தட்டின் அட்டை.

அவன் படித்ததும் அதைத்தான். இசைத்தட்டு அட்டை, கச்சேரி போஸ்டர், மேடைப் படம், பாட்டு வீடியோவில் ஓடும் எழுத்து, இவற்றை மட்டுமே சொல்லிக்கொடுக்கிற கல்லூரி. கல்லூரி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் உச்சி மாடியில் மூன்று அறைகள். ஒன்றில் கணினிகள், இன்னொன்றில் கறுப்புத் துணி கட்டிய ஸ்டூடியோ, மூன்றாவதில் ஆசிரியையின் மேஜையும் நினைத்தபோதெல்லாம் பேப்பரைக் கடித்துக்கொள்ளும் பிரின்டரும்.

அவனைக் கொண்டுபோய் அங்கே சேர்த்தது அக்கா. பெற்றோர் வேறு ஊரில் இருந்தார்கள். இங்கே ஒரு சின்ன வீட்டில் அவனும் அக்காவும் மட்டும். அவள் பகலில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வந்தவர்களை உட்காரவைத்து, "மேல் வரி தெரியுதா? கீழ் வரி?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். மாலையில் ஒரு டிரம்மரோடும் கிட்டார்காரரோடும் சேர்ந்து பாடுவாள். சின்னக் குழுதான். ஆனால் அவள் குரலுக்கென்றே தேடி வருகிற கூட்டம் ஒன்று மெல்லச் சேர்ந்துகொண்டிருந்தது.

கேமரா கைக்கு வந்த நாளிலிருந்து அவன் அக்காவைத்தான் எடுத்தான். யார் அவள் படம் கேட்டாலும் அவனிடமிருந்துதான் போகும். "அவ எந்தப் பக்கம் திரும்பினா மூக்கு நீளமாத் தெரியும்னு எனக்குத்தான் தெரியும்," என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். குழுவின் முதல் இசைத்தட்டு வரப்போகிறது என்றதும், அட்டைப்படம் யார் எடுப்பது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய விஷயமாக அது அவனுக்குத் தோன்றவுமில்லை.

படம் எடுக்கும் அன்று வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளைப் பலகையைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. சும்மா இருந்தது டாக்டர்தான். அவன் வகுப்பில் படிக்கிற பெண். பல் மருத்துவம் பாதி படித்துவிட்டு, பிடிக்காமல் இங்கே வந்து சேர்ந்தவள். அதனால் அந்தப் பெயர். அவள் கேமராவைத் தூக்கினால் பின்வரிசையிலிருந்து யாராவது, "பல்லைக் காட்டாதீங்கடா, எடுத்துடுவா!" என்று கத்துவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். யார் என்ன சொன்னாலும் அவளுக்கு உறைக்காது. சதுரத்துக்கு அவளிடம் முதலில் பிடிக்காமல் போனது அதுதான்.

ஸ்டூடியோவில் அக்கா நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். அவன் விளக்கை நகர்த்தினான், கன்னத்து நிழலைச் சரிசெய்தான், முகவாயைத் தூக்கச் சொன்னான். அவள் சொன்னபடியெல்லாம் செய்தாள். நடுநடுவே, "காலையில எதுவும் சாப்பிடாமத்தானே வந்தே?" என்று கேட்டாள். படங்கள் சுத்தமாக வந்தன. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவன் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா வெளியே போய் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஒரு பாட்டின் ஒரு வரி அவளுக்குப் பல நாட்களாகச் சரியாக அமையவில்லை. அதையே திரும்பத் திரும்ப முனகி, எரிச்சலில் கைப்பிடிக் கம்பியை ஒரு தட்டுத் தட்டினாள். பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்த டாக்டர், தன் கேமராவில் அதை எடுத்தாள். உள்ளே இருந்தவனுக்கு எதுவும் தெரியாது.

மறுவாரம், பாத்திரம் கழுவும்போதுதான் அக்கா பேச்சை எடுத்தாள். அவள் கழுவ, அவன் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

"டேய், சொன்னா கோபப்படக்கூடாது."

"அப்படின்னா சொல்லாத."

"அட்டைக்கு டாக்டர் எடுத்த படத்தையே வச்சுக்கலாம்னு நாங்க மூணு பேரும் நினைக்கிறோம்."

"டாக்டர் எப்போ எடுத்தா?"

அக்கா கையை ஈரத்தோடு உதறிவிட்டுப் போனைக் காட்டினாள். படியில் ஒரு பெண். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. வாய் பாதி திறந்திருந்தது. யாருக்காகவும் அவள் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. இத்தனை வருடம் கூடவே இருந்தும், இந்த முகத்தை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"உன் இஷ்டம்," என்றான். துடைத்த தட்டையே இன்னொரு தடவை துடைத்தான்.

டாக்டரிடம் அந்தப் படத்தின் பெரிய அளவை வாங்கிவந்து, கணினித் திரை முழுக்க விரித்து, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை குற்றம் தேடினான். தேடினால் கிடைக்காதா? ஃபோகஸ் கண்ணில் இல்லை, காதில் இருந்தது. மேலே படிக்கட்டு ஜன்னல் வெளிச்சம் அதிகமாகி வெளுத்துப் போயிருந்தது. ஆசிரியையிடம் போய் ஒவ்வொன்றாகச் சொன்னான். அவர் பிரின்டருக்குள் மாட்டிய பேப்பரை இழுத்துக்கொண்டே, "ஆமா," என்றார். "ஜன்னலும் வெளுத்துத்தான் இருக்கு. அப்புறம்?"

அவன் குனிந்து பேப்பரின் மறுமுனையைப் பிடித்து இழுத்தான்.

வயிற்றெரிச்சல் படத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. டாக்டர் இப்போது வீட்டுக்கே வர ஆரம்பித்தாள். அக்காவின் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். கதவு சாத்தியிருக்கும். சிரிப்பு மட்டும் வெளியே வரும். அக்கா அவளை "வாடி, போடி" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். அவன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்வருவான். வேண்டியதைவிட நிறையத் தண்ணீர் குடித்தான்.

ஒரு சாயங்காலம், பயிற்சி அறையில் டிரம்மர் டிரம்ஸ் செட்டின் பித்தளைத் தட்டுகளைக் கழற்றியபடி சாதாரணமாகக் கேட்டார்: "உங்கக்கா வேலையை விட்டதுக்கு வீட்டுல என்ன சொன்னாங்க?"

சதுரம் முழித்தான். "விட்டாளா?"

"ஐயோ, உனக்குத் தெரியாதா? ரெக்கார்டு வந்ததும் ஊர் ஊரா பாடப் போறோம்ல. டாக்டரும் வர்றா, படம் எடுக்க." சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்த வாரம்தான் அக்கா அட்டையின் எழுத்து வேலையை அவனிடம் கொடுத்தாள். எழுத்தில் அவனை மிஞ்ச வகுப்பில் ஆளில்லை. அது அவளுக்கும் தெரியும். அவன் மூன்று மாதிரிகள் செய்தான். மூன்றிலும் குழுவின் பெயர் அட்டையை அடைத்துக்கொண்டு நின்றது. ஒன்றில் எழுத்து படிக்கட்டை மறைத்தது. இன்னொன்றில் நெற்றியை. மூன்றாவதில் முகத்துக்கு மிச்சமிருந்தது ஒரு கன்னம்.

அக்கா மூன்றையும் மேஜையில் பரப்பிவைத்துப் பார்த்தாள்.

"எழுத்து அழகா இருக்கு. நான் எங்கடா?"

"இந்தக் காலத்து ஸ்டைல் இப்படித்தான்."

"பொய் சொல்லாத. உனக்கு அவமேல காய்ச்சல்."

"வேலையை விட்டதை அவகிட்ட சொல்லுவே, என்கிட்ட சொல்ல மாட்டே. கூடப் பொறந்தவன் நானா, அவளா?"

"உன்கிட்ட சொன்னா அடுத்த நிமிஷம் அம்மாவுக்கு போன் போகும்! போன தடவை என்ன ஆச்சு? வேலையை விடலாமான்னு யோசிச்சுட்டுதான் இருந்தேன், அதுக்குள்ள அப்பா பஸ் ஏறி வந்து நின்னாரு."

அது உண்மை. போன தடவை போன் செய்தவன் அவன்தான். அக்கறையில் செய்ததாகத்தான் இன்றுவரை நினைத்திருந்தான்.

நான்காவது மாதிரியில் எழுத்தைச் சின்னதாக்கி, வெளுத்துப்போன ஜன்னலுக்குள் வைத்தான். அக்காவுக்கு அது பிடித்துப்போயிற்று. டாக்டர், "அந்த வெள்ளை எதுக்கு இருக்குன்னு இப்பத்தான் எனக்கே தெரியுது," என்று மனதாரச் சொன்னாள். அவள் மனதாரச் சொன்னதே அவனுக்குக் காந்தியது. குத்திப் பேசியிருந்தால் திருப்பிக் குத்தியிருக்கலாம்.

பின்னட்டை பாக்கி இருந்தது. பாட்டுகளின் பெயர்கள், வாசித்தவர்களின் பெயர்கள், அடியில் 'புகைப்படம்' என்று போட்டு டாக்டரின் முழுப்பெயர். பின்னணி கறுப்பு. மற்ற எல்லாவற்றையும் வெள்ளையில் வைத்தான். அந்த ஒரு வரியை மட்டும் கருஞ்சாம்பலில், நூல் போன்ற மெல்லிய எழுத்தில் வைத்தான். திரை வெளிச்சத்தில் தெரிந்தது. அச்சில் மை கொஞ்சம் பரவினாலும் கறுப்பு அதை விழுங்கிவிடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாம் வருடப் பாடமே அதுதான். அச்சகத்துக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது விரல் ஒரு கணம் நின்றது. பிறகு அழுத்தியது.

இசைத்தட்டுகள் பயிற்சி அறைக்கு அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. அக்கா முதல் தட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். டிரம்மர் முகர்ந்து பார்த்தார். டாக்டர் நேராகப் பின்பக்கத்தைத் திருப்பினாள். தேடினாள். ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"என் பேரு எங்க?"

"இல்லையா? பிரஸ்காரன் சொதப்பிட்டான் போல," என்றான் சதுரம்.

"கறுப்பு மேல கருஞ்சாம்பல் வச்சது பிரஸ்காரனா?"

அக்கா அவள் கையிலிருந்து தட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போலிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டியின் மேல் ஒட்டியிருந்த டேப்பைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

டாக்டருக்கு இந்த முறை உறைத்திருந்தது. "நான் படிப்பை விட்டதுக்கு எங்க வீட்டுல இன்னும் யாரும் சரியாப் பேசறதில்ல. இதைக் கொண்டுபோய்க் காட்டலாம்னு இருந்தேன்." ஒரு தட்டை எடுத்து அவன் கையில் திணித்து, "நீயே எழுது," என்றாள். "கையால. ஒண்ணு விடாம."

வெள்ளை மை பேனா வாங்கி வந்தாள். அவன் பயிற்சி அறையின் தரையில் உட்கார்ந்து எழுதினான். முந்நூறு அட்டைகள். முதல் சில வெறுப்போடு எழுதியதால் கோணலாகப் போயின. பிறகு கை தன் வேலையைச் செய்தது. எந்தப் பெயரை அழிக்க நினைத்தானோ அதன் ஒவ்வொரு வளைவும் அவனுக்கு மனப்பாடம் ஆயிற்று. மை காயக் காய டிரம்மர் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிவைத்தார். "தண்டனைன்னு பார்த்தா, நல்லாவே எழுதுறே," என்றார். அவன் அடுத்த அட்டையை இழுத்துக்கொண்டான்.

வெளியீட்டு நிகழ்ச்சியில் நடந்ததை அவன் எதிர்பார்க்கவேயில்லை. வாங்கியவர்கள் எல்லோரும் பின்னட்டையைத்தான் காட்டிக்கொண்டார்கள். வெள்ளை மையில் பளிச்சென்று இருந்த அந்தப் பெயரை, படம் எடுத்தவளே போட்ட கையெழுத்து என்று நினைத்துவிட்டார்கள். "ஒவ்வொண்ணுலயும் அவங்களே கையெழுத்து போட்டிருக்காங்க!" என்று ஒரு பெண் சதுரத்திடமே சொன்னாள். வரிசையில் நின்ற ஒருவர் டாக்டரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார். டாக்டர் கூட்டத்துக்கு மேலே அவனை ஒரு பார்வை பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவனுக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் என்றிருந்தது. தட்டுகள் அன்றே தீர்ந்தன. இரண்டாம் பதிப்பில் அந்தக் கையெழுத்தையே அப்படியே அச்சடிக்கச் சொன்னாள் அக்கா.

அவர்கள் ஊர் ஊராகப் பாடக் கிளம்பியபோது அவன் வேன்வரை பெட்டிகளைத் தூக்கிக்கொடுத்தான். அக்கா அவன் தலையைக் கலைத்துவிட்டு, "அம்மாவுக்கு நானே போன் பண்ணிட்டேன்," என்றாள். டாக்டர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாக அது அவன் இடம். வேன் திருப்பத்தில் மறையும்வரை அந்த முன்சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

படிப்பு முடிந்ததும் கச்சேரி போஸ்டர்கள் செய்யும் ஒரு சின்ன அலுவலகத்தில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தான். ஒரு பாடகருக்குப் படம் எடுக்க ஆள் வேண்டும், தெரிந்தவர் உண்டா என்று முதலாளி கேட்டார். அவன் கூடப் படித்த வேறொருவனின் பெயரைச் சொன்னான். அந்த ஆள் எடுத்து வந்த படங்களில் பாடகர் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்தவர் மாதிரி இருந்தார். முதலாளி மறுபடி கேட்டார். சதுரம் பேனாவின் மூடியைத் திறந்தான், மூடினான், திறந்தான். கடைசியில் டாக்டரின் பெயரைச் சொன்னான்.

அவள் மறுநாளே தோளில் பையோடு வந்து நின்றாள். "நீயா என் பேரைச் சொன்னே? உடம்பு சரியில்லையா?"

"வேற ஆள் கிடைக்கல."

"சரி. எழுத்துக்கு எவ்வளவு இடம் விடட்டும்?"

"நீ எடு. நான் இடம் பார்த்துக்கறேன்," என்றான். அவள் படங்களைக் கொண்டுவந்து கொடுத்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு, திரை முழுக்க விரித்து, முதலில் குற்றம்தான் தேடினான்.